எர்த் சரியாகத்தான் இருக்கிறது

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட். மாசி மாதப் பிற்பகல். கியூரிங் டிரையருக்குள் போன ஹூடி பீஸ்கள் மறுமுனையில் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. பாலியஸ்டர் ஃபிளீஸ் துணி, நெஞ்சுப் பக்கம் பெரிய பிளாஸ்டிசால் பிரிண்ட். அங்கே நின்று பீஸ் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, ஒவ்வொன்றையும் பெல்ட்டிலிருந்து தூக்கும்போது படபடவென்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல. பத்துப் பன்னிரண்டு பீஸ் எடுத்த பிறகு டிரையரின் ஸ்விட்ச் பக்கம் கை நீட்டினார். விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே 'டிக்' என்றது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“ரெண்டு வாரமா இப்பிடித்தானுங்க. தொட்டாச் சுள்ளுன்னு அடிக்குது. மெசின்ல கரண்டு வருதோன்னு பயமா இருக்குதுங்க.”

யூனிட்காரர் தன் பங்குக்கு நொந்துகொண்டார். “மூணு எலக்ட்ரீசியனக் கூட்டியாந்து காட்டியாச்சுங்க. எர்த் பக்காவா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. அப்புறம் எப்பிடிங்க ஷாக் அடிக்கும்?”

எலக்ட்ரீசியன்கள் சொன்னது உண்மை. அக்காவுக்கு ஷாக் அடித்ததும் உண்மை. மின்னூட்டம் சேர்ந்திருந்தது அவருடைய உடம்பில். இரும்பைத் தொட்டதும் அது அவரிடமிருந்து மெஷினுக்குப் பாய்ந்தது. மெஷினுக்கு எர்த் நன்றாக இருந்ததால்தான் அவ்வளவு சுருக்கென்று பாய்ந்தது.

இதற்குள் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் உயிர் போகும். மெஷினைத் தொட்டால் அடிக்கும் எல்லா ஷாக்கும் நிலைமின்சாரம் அல்ல. வித்தியாசம் இதுதான்: நிலைமின்சாரம் ஒரே ஒரு முறை 'சுள்' என்று அடிக்கும், சத்தம் கேட்கும், அதோடு முடிந்தது. கையை எடுக்காமல் தொட்டுக்கொண்டே இருந்தால் மேற்கொண்டு ஒன்றும் தெரியாது. லைன் கரண்டு கசிந்தால் தொட்டிருக்கும் நேரமெல்லாம் விறுவிறு என்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் இதைக் கையால் தொட்டுப் பரிசோதிக்கக் கூடாது. டெஸ்டரை மெஷின் உடம்பில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நிலைமின்சாரமானால் நியான் பல்பு ஒருகணம் மினுக்கிவிட்டு அணையும். விடாமல் எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும். 'அது எப்பவும் அடிக்கிற ஷாக்தான்' என்று பழகிப்போன யூனிட்டில் உண்மையான கசிவு ஒருநாள் வந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். சின்ன ஷாக்கைக்கூட விட்டுவைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இனி, அந்த அக்காவின் உடம்பில் மின்னூட்டம் எங்கிருந்து வந்தது?

பள்ளியில் சீப்பைத் தலையில் உரசிக் காகிதத் துண்டுகளை இழுத்துப் பார்த்திருக்கிறோம். அதனால் உரசினால்தான் மின்னூட்டம் வரும் என்ற எண்ணம் நம்மிடம் தங்கிவிட்டது. உண்மையில் தொட்டுப் பிரிந்தாலே போதும். இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒட்டியிருக்கும்போது ஒன்றின் எலக்ட்ரான்கள் கொஞ்சம் மற்றொன்றின் பக்கம் போய்விடும். பிரித்தெடுக்கும்போது போனதெல்லாம் திரும்பி வருவதில்லை. எலக்ட்ரானை இழந்தது நேர் மின்னூட்டத்தோடும், வாங்கியது எதிர் மின்னூட்டத்தோடும் நிற்கும். உரசல் செய்வதெல்லாம் தொடும் இடங்களை அதிகமாக்குவதுதான். எந்தப் பொருள் எலக்ட்ரானை எளிதில் விடும், எது பிடுங்கும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. விடும் கோடியில் மனிதத் தோல், நைலான், கம்பளி. நடுவில் பருத்தி. பிடுங்கும் பக்கத்தில் பாலியஸ்டர், பிவிசி, கடைக்கோடியில் டெஃப்லான். வரிசையில் இரண்டு பொருள்கள் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ, மின்னூட்டம் பொதுவாக அவ்வளவு கூடும்.

இப்போது டிரையரைப் பாருங்கள். அதன் பெல்ட் டெஃப்லான் பூசிய கண்ணாடியிழை. மேலே பாலியஸ்டர் ஃபிளீஸ். பிளாஸ்டிசால் மை இறுகுவதற்காக உள்ளே சுமார் 160 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் துணியிலிருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் போய், சருகாகக் காய்ந்து வெளியே வருகிறது. அதை பெல்ட்டிலிருந்து வெறும் கையால் உரித்தெடுக்கிறார் ஒருவர், காலில் ரப்பர் செருப்போடு. மின்னூட்டம் உண்டாக என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரே முனையில் கூடியிருக்கின்றன. ஒவ்வொரு பீஸிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடம்பில் ஏறுகிறது. செருப்பு அதைத் தரைக்கு விடுவதில்லை.

உடம்பு ஒரு மின்தேக்கி. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 100 முதல் 200 பிக்கோஃபாரட். மிகச் சிறியது. சின்னச் சொம்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டாலே மட்டம் மளமளவென்று ஏறுவதுபோல, உடம்பில் கொஞ்சம் மின்னூட்டம் சேர்ந்தாலே வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். சுமார் 3,000 வோல்ட் வரை நமக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கு மேல்தான் விரல் நுனியில் குத்துவது தெரியும். 10,000 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் காற்றைத் தாண்டிப் பொறி பாயும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் நீலமாகத் தெரியும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான், அதுவே ஆளைக் கொல்கிறது. 10,000 வோல்ட் ஏன் கொல்வதில்லை? அளவுதான் காரணம். 100 பிக்கோஃபாரட்டில் 10,000 வோல்ட் என்றால் மொத்த ஆற்றல் 5 மில்லிஜூல். ஒரு கிராம் எடையை அரை மீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆகும் வேலை. அதுவும் ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கினால் ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் பாய்ந்து முடிந்துவிடுகிறது. லைன் கரண்டு அப்படியல்ல. நாம் விடும்வரை வந்துகொண்டே இருக்கும். ஆகவே பொறி தானாக ஆளைச் சாய்ப்பதில்லை. ஆனால் திடுக்கிட்டுக் கையை இழுக்கும் ஒருவரின் முழங்கை எங்கே போய் இடிக்கும்? பக்கத்தில் சிவந்து கிடக்கும் ஃப்ளாஷ் ஹீட்டரிலா, மூடிக்கொண்டிருக்கும் ஹீட் பிரஸ்ஸிலா? பிரிண்டிங் யூனிட்டில் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

எர்த் என்ற எண்ணத்தின் வேரைத் தேடிப் போனால் ஒரு சாயத் தொழிலாளியிடம் போய் நிற்போம். திருப்பூர்க்காரர்களுக்கு அது தெரிய வேண்டும் என்பது என் ஆசை. ஸ்டீபன் கிரே, 1666ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் ஒரு சாயக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். தானும் சாயத் தொழில் செய்தவர். பெரிய கல்லூரிப் படிப்பு இல்லை. முதுமையில் லண்டனில் ஓர் அறநிலையத்தின் ஆதரவில் வாழ்ந்தபோது, கண்ணாடிக் குழாயை உரசி வரும் மின்னூட்டம் வேறு பொருளுக்குக் கடந்து போகுமா என்று ஆராயத் தொடங்கினார். 1729ல் கிரான்வில் வீலர் என்ற நண்பரின் வீட்டில், நீளமான நார்ச்சரடு ஒன்றைப் பட்டு நூலில் தொங்கவிட்டு இழுத்துக்கட்டினார்கள். ஒருமுனையில் கண்ணாடிக் குழாய், மறுமுனையில் தந்த உருண்டை. இந்த முனையில் குழாயை உரசினால், அந்த முனையில் உருண்டை மெல்லிய பித்தளைத் தகட்டை இழுத்தது. நூற்றுக்கணக்கான அடி தாண்டி மின்னூட்டம் போயிருந்தது.

சரடு நீளநீளப் பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. அதே மாதிரி மெல்லிய, ஆனால் வலுவான பித்தளைக் கம்பியை அந்த இடத்தில் கட்டினார்கள். எவ்வளவு உரசியும் மறுமுனையில் ஒன்றுமே நடக்கவில்லை. மின்னூட்டமெல்லாம் கம்பி வழியாக உத்தரத்துக்கு ஏறிப் போய்விட்டது. மெல்லியதாக இருந்ததால் அல்ல, பட்டாக இருந்ததால்தான் பட்டு நூல் மின்னூட்டத்தைக் கசியவிடாமல் காத்தது என்று கிரேவுக்கு அப்போது விளங்கியது. கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்தது அந்த அறுந்த நூல். மறு வருடம் ஒரு சிறுவனைப் பட்டுக் கயிற்றில் படுத்தவாக்கில் தொங்கவிட்டு மின்னூட்டம் ஏற்றி, மனித உடம்பும் கடத்திதான் என்று காட்டினார். பட்டுக் கயிற்றில் தொங்கிய அந்தச் சிறுவனும், ரப்பர் செருப்பில் நிற்கும் நம் அக்காவும் மின்னியல் கணக்கில் ஒரே நிலையில் இருக்கிறார்கள்.

கிரேவின் நார்ச்சரடு மின்னூட்டத்தைக் கடத்தியதற்குக் காரணம் அதில் தங்கியிருந்த ஈரம். பருத்தியும் செடியின் நார்தான். சாதாரணக் காற்றில் தன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டரோ 0.4 சதவீதம்தான். பருத்தி பனியனில் சேரும் மின்னூட்டம் இழைகளின் ஈரத்தில் பரவி, கைக்கும் மேஜைக்கும் போய்த் தானாகவே கரைந்துவிடும். பாலியஸ்டரில் எங்கே உண்டானதோ அங்கேயே உட்கார்ந்துவிடும். பருத்தியிலேயே வளர்ந்த ஊர் இது. ஃபிளீஸும் விளையாட்டு உடைத் துணியும் வந்த பிறகுதான் இந்தச் சுள்ளும் கூடவே வந்தது. இன்னொன்றும் மாறியிருக்கிறது. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று வேலை செய்தபோது உடம்பின் மின்னூட்டம் கால்வழியே இறங்கிக்கொண்டே இருந்தது. இப்போது தரைக்கு எபாக்ஸி பூச்சு, காலுக்குக் கெட்டி ஷூ. இவை வேறு பாதுகாப்புக்காக வந்தவை, வந்தது நல்லது. ஆனால் கால்வழிப் பாதை அடைபட்டுப் போனது.

எலக்ட்ரீசியன்கள் ஏன் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது இப்போது புரியும். எர்த் கம்பி கடத்தியைத்தான் காலி செய்யும். பாலியஸ்டர் பீஸின் ஒரு மூலையில் எர்த் கம்பியைக் கட்டிவைத்தாலும், கம்பி தொட்ட அந்த ஒரு புள்ளியின் மின்னூட்டம் மட்டும் போகும். மீதி துணி முழுக்க அப்படியே இருக்கும். கடத்தாப் பொருளில் மின்னூட்டத்துக்கு நடக்கத் தெரியாது. அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் எதையாவது கொண்டுபோக வேண்டும்: ஒன்று ஈரம், இல்லையென்றால் அயனி.

முதலில் ஈரம். 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல் குளிரூட்டுவதற்காகப் பிறந்ததாக நினைக்கிறோம். 1906ல் அந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஸ்டூவர்ட் கிரேமர். அமெரிக்காவின் வட கரோலினாவில் பஞ்சாலைகளுக்காக வேலை செய்த பொறியாளர். நூல் அறுந்து, பஞ்சு பறந்து, எல்லாம் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் வறண்ட ஆலைக் காற்றில் ஈரத்தைச் சேர்த்துப் பதப்படுத்துவதற்கு அவர் வைத்த பெயர் அது. இன்று நம் யூனிட்களில் ஃபிலிமில் அச்சிடும் டிடிஎஃப், நேராகத் துணியிலேயே அச்சிடும் டிடிஜி மெஷின்கள் இருக்கும் ஏசி அறை காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்கிறது. மெஷினுக்குக் குளிர்ச்சி வேண்டும்தான். கூடவே ஈரத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு ஈரம்? ஒப்பு ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலான தொல்லை அடங்கிவிடும். ஈரம் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு மின்னணுத் தொழிலில் எல்லோரும் காட்டும் ஓர் அளவு இருக்கிறது. கார்பெட்டில் நடப்பவரின் உடம்பில், காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் என்றால் 35,000 வோல்ட் வரை ஏறலாம். 65 சதவீதத்துக்கு மேல் போனால் அதே நடைக்கு 1,500 வோல்ட்தான். மலைமறைவில் இருக்கும் திருப்பூரில் தையிலிருந்து பங்குனி வரை பிற்பகல் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். அதன் மேல் டிரையரின் வெக்கை வேறு. சூடான காற்றின் ஒப்பு ஈரப்பதம் இன்னும் இறங்கும். அதனால் முதல் செலவாக ஈரப்பதமானி ஒன்றை வாங்கி டிரையர் பக்கத்தில் மாட்டச் சொல்வேன். சில நூறு ரூபாய்தான். அது என்ன காட்டுகிறது என்று தெரியாமல் வேறு எதை வாங்கினாலும் குருட்டு வைத்தியம்.

ஹியூமிடிஃபையர் வைப்பவர்கள் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்துப் போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சொல்லத் தேவையில்லை. அல்ட்ராசானிக் வகை, தண்ணீரோடு உப்பையும் சேர்த்தே புகையாக ஊதும். ஈரம் காய்ந்ததும் வெள்ளைத் தூசி கறுப்பு ஹூடி மேல் படியும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. ஈரத்துக்காகத் தரையில் தண்ணீர் தெளிப்பதை மட்டும் செய்ய வேண்டாம். வழுக்கும், மின் மெஷின்களுக்கு நடுவே அது வேறு ஆபத்து.

ஆனால் டிரையர் முனையில் ஈரம் ஒன்றே போதாது. 160 டிகிரியில் வறுபட்டு வந்த துணி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள நேரம் வேண்டும். அக்காவோ ஒரு நொடியில் எடுத்துவிடுகிறார். அந்த இடத்துக்கு அயனி பார்தான் சரி. வரிசையாக ஊசிகள் பதித்த ஒரு நீளக் கட்டை அது. ஊசி முனைகளில் உயர் வோல்டேஜ் தந்து காற்றை நேர் அயனியாகவும் எதிர் அயனியாகவும் உடைக்கிறது. துணியில் எந்த மின்னூட்டம் இருக்கிறதோ, அதற்கு எதிரான அயனியைத் துணியே இழுத்துக்கொண்டு சமனாகிவிடும். பாரை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். துணி பெல்ட்டின் மேல் படுத்திருக்கும் இடத்தில் மாட்டிப் பயனில்லை. பெல்ட்டிலிருந்து பிரிந்து காற்றில் தொங்கும் இடத்தில், சில சென்டிமீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். மின்னூட்டம் பிறப்பதே பிரியும் கணத்தில்தானே. ஊசிகளில் பஞ்சு படிந்தால் வேலை செய்யாது, அதனால் அடிக்கடி பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். பார் வாங்க வசதி இல்லாத சிறிய யூனிட், எர்த்தில் இணைத்த செம்பு இழைச் சரத்தை அந்த இடத்தில் குறுக்கே கட்டலாம். துணியை அது தொடவே வேண்டாம். கூரிய இழை நுனிகளில் துணியின் மின்புலமே காற்றை அயனியாக்கிவிடும். முழுக்கப் போகாது, சில ஆயிரம் வோல்ட் மிஞ்சும். ஆனால் கடுகுச் சத்தம் பாதியாவது அடங்கும்.

ஆளைப் பொறுத்தவரை, உடம்பு கடத்தியாக இருப்பதால் எர்த் வேலை செய்யும். ஆனால் நேராகக் கம்பியால் கட்டுவது கூடாது. அப்படிக் கட்டப்பட்ட ஒருவர் லைன் கரண்டைத் தொட நேர்ந்தால் அவர் வழியாகவே முழு மின்சாரமும் பாயும். அதனால்தான் இதற்கான கைப்பட்டைகளில் 1 மெகாஓம் மின்தடை வைக்கிறார்கள். 230 வோல்ட்டே வந்தாலும் கால் மில்லியாம்பியருக்குள் அடங்கிவிடும், உடம்புக்கு அது தெரியவே தெரியாது. நிலைமின்சாரமோ அந்தத் தடை வழியாக ஒரு மில்லிநொடிக்குள் இறங்கிவிடும். நடமாடி வேலை செய்பவருக்குக் கைப்பட்டை ஒத்துவராது. ஆன்டிஸ்டாட்டிக் ஷூவும், எர்த் செய்த ஆன்டிஸ்டாட்டிக் பாயும் இதே கணக்கில் செய்யப்பட்டவைதான். இரண்டும் சேர்ந்துதான் பலன் தரும். பாய் போட்டு, மேலே ரப்பர் செருப்போடு நின்றால் காசு வீண். அதுவரைக்கும் கையோடு செய்யக்கூடியது ஒன்று: சாவியை விரல்களால் இறுகப் பிடித்து, சாவி நுனியால் முதலில் மெஷினைத் தொடுவது. பொறி சாவிக்கும் இரும்புக்கும் நடுவே பாயும். கையில் அது ஒரே புள்ளியில் குத்தாமல் சாவியைப் பிடித்த இடமெல்லாம் பரவிப்போவதால் வலிக்காது.

இதுவரை சொன்னது வலியும் வேலைத் தொல்லையும். இனிச் சொல்லப்போவது தீ. ஸ்கிரீன் கழுவும் மூலைக்கு வாருங்கள். தின்னர் டப்பா, டர்பன்டைன், துடைக்கிற துணி. ஸ்கிரீனின் மெஷ் பாலியஸ்டர் இழை, ஃப்ரேம் அலுமினியம், அது சாய்ந்திருப்பது மரமேஜையில். மெஷ்ஷைத் துணியால் பரபரவென்று துடைக்கும்போது மின்னூட்டம் பிறக்கிறது. ஃப்ரேம் கடத்தி, ஆனால் அதைத் தரையோடு இணைக்க ஒன்றுமில்லை. நிலைமின்சாரத்தில் மிகவும் அஞ்ச வேண்டியது இப்படி அந்தரத்தில் நிற்கும் கடத்திதான். கடத்தாப் பொருள் தன் மின்னூட்டத்தைத் துளித்துளியாகத்தான் விடும். கடத்தியோ சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே பொறியில் கொட்டிவிடும். பிளாஸ்டிக் சக்கரத்தில் ஓடும் இரும்பு டிராலியும் இதே இனம்தான்.

தின்னரில் இருக்கும் டொலுயீன் ஆவி காற்றோடு சரியான விகிதத்தில் கலந்திருந்தால், அது பற்றிக்கொள்ளக் கால் மில்லிஜூல் பொறி போதும். 10,000 வோல்ட் ஏறிய உடம்பில் இருப்பது 5 மில்லிஜூல், இருபது மடங்கு. விரலுக்கே தெரியாத 3,000 வோல்ட்டில்கூட அரை மில்லிஜூலுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அதாவது நமக்கு ஷாக் அடித்ததே தெரியாத ஒரு பொறி தீயைக் கிளப்பிவிடலாம். 'இங்கே ஷாக் அடிக்கிறதில்லைங்க' என்பது அந்த மூலையில் சமாதானமாகாது.

ஆகவே கழுவும் மேஜையிலிருந்து ஒரு எர்த் கம்பி தொங்க வேண்டும், முனையில் கிளிப்போடு. தின்னரைத் தொடும் முன் கிளிப்பை ஃப்ரேமில் மாட்டிவிட வேண்டும். தின்னர் டப்பா உலோகத்தில் இருக்கட்டும், அதற்கும் எர்த் இருக்கட்டும். பிளாஸ்டிக் கேனிலிருந்து உயரத்தில் பிடித்து ஊற்றும்போது திரவமே மின்னூட்டம் ஏற்றிக்கொள்ளும். துடைக்கப் பருத்தித் துணி. டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் ஹீட்டரைத் தொடும், அதனால் எக்ஸாஸ்ட் ஃபேன் தாழ்வாக இருக்க வேண்டும். சாதாரண அயனி பாரை இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது, அதன் ஊசிகளே பொறி கிளப்பும். முடிந்தவர்கள் எளிதில் ஆவியாகாத ஸ்கிரீன் கிளீனருக்கு மாறிவிடுவதுதான் உத்தமம். லிட்டருக்குச் சில ரூபாய் கூடும் என்று தயங்குபவர்களிடம் நான் வாதாடவே தயாராக இருக்கிறேன்.

பிரிண்ட்டையும் இதே நிலைமின்சாரம் கெடுக்கிறது. மை ஓரங்களில் சிலந்தி நூல்போல மெல்லிய மீசை நீளுவது, டிடிஎஃப் ஃபிலிமில் பிரிண்ட் இல்லாத இடத்திலும் பவுடர் ஒட்டுவது, கறுப்புத் துணியை லிண்ட் விடாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் இதன் வேலைதான். அதே ஊரில் அதையே வேலைக்கும் வைத்திருக்கிறோம். ஃப்ளாக் பிரிண்ட்டில் வெல்வெட் மாதிரி நிற்கும் அந்தக் குட்டி இழைகளைக் கையால் நட முடியுமா? பல்லாயிரம் வோல்ட் மின்புலத்தில் ஒவ்வோர் இழையும் நேராக நிமிர்ந்து பறந்து, பசையில் செங்குத்தாகக் குத்திக்கொள்கிறது. நாற்று நடுவதுபோல.

பங்குனிக் கடைசியில் அந்த யூனிட்டுக்கு மறுபடியும் போனேன். டிரையர் முனையில், பெல்ட் கீழே திரும்பும் இடத்துக்கு மேலே ஒரு அயனி பார். கீழே கறுப்புப் பாய். சுவரில் ஈரப்பதமானி 52 காட்டியது. அக்கா புது ஷூ போட்டிருந்தார், இடது குதிகால் கடிக்கிறது என்று குறைப்பட்டார். பார் மேலே பஞ்சு சேரச்சேர சத்தம் திரும்ப வருவதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான். அதிலிருந்து காலையும் மதியமும் தானே துடைத்துவிடுகிறாராம். வந்து விழுந்த ஃபிளீஸ் பீஸ் ஒன்றை எடுத்து, எனக்குக் காட்டுவதற்காக என் காதருகே வைத்து உதறினார். கடுகு பொரியவில்லை.